ஒரே பிரமாணம், பல பந்திகள்

பெரியோர்களே, பல சபைகளிலிருந்து வந்திருக்கும் சகோதர சகோதரிகளே,

கிறிஸ்தவர்கள் அனைவருக்கும் பொதுவான நம்பிக்கைகள் எவை என்று பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். அவற்றைச் சொல்வது எளிது. வானத்தையும் பூமியையும் படைத்த ஒரே தேவன், மனிதனாய்ப் பிறந்து, சிலுவையில் மரித்து, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்த இயேசு, பரிசுத்த ஆவியானவர், பாவமன்னிப்பு, மறுமை வாழ்வு. கி.பி. 325இல் நிசேயாவில் உருவாகி, 381இல் கான்ஸ்டாண்டிநோபிளில் விரிவாக்கப்பட்ட விசுவாசப் பிரமாணத்தின் சாரம் இதுதான். அதை ஆராதனையில் வாய்விட்டுச் சொல்லாத பெந்தெகொஸ்தே சபையாரிலும் பெரும்பாலோர் இவற்றை நம்புகிறவர்களே. ஆவியானவர் பிதாவிடமிருந்து மட்டும் புறப்படுகிறாரா, குமாரனிடமிருந்துமா என்று கிழக்குச் சபைகளும் மேற்குச் சபைகளும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வழக்காடுகின்றன. அந்த வழக்கு இன்று வேண்டாம்.

இவ்வளவு பொதுவாக இருந்தும் நாம் ஏன் பிரிந்து கிடக்கிறோம்? இதற்கு நம் மண்ணிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

1706இல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடியில், 1919 மே மாதம் சில போதகர்கள் கூடினார்கள். அவர்களை வழிநடத்தியவர்களில் முதன்மையானவர், நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியா. எங்கள் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, அவை வெளியிலிருந்து எங்கள்மேல் சுமத்தப்பட்டவை என்று அவர்கள் அறிக்கை விட்டார்கள். நியாயம்தானே? இங்கிலாந்துச் சபை ரோமைவிட்டுப் பிரியக் காரணமான மன்னர் எட்டாம் ஹென்றியின் திருமணச் சிக்கலுக்கும், நெல்லைச் சீமையின் நாசரேத்துப் பனைத்தொழிலாளிக்கும் என்ன சம்பந்தம்?

சபைகள் ஒன்றாய் இணைய நான்கு அடிப்படைகளை அவர்கள் முன்வைத்தார்கள். வேதாகமம், அப்போஸ்தலர் பிரமாணம் நிசேயப் பிரமாணம் என்ற இரண்டு பிரமாணங்கள், ஞானஸ்நானமும் திருவிருந்தும் என்ற மூன்றில் பெரிய தகராறு எழவில்லை. நான்காவதாக வந்த பேராயர் பதவியில்தான் பேச்சு சிக்கிக்கொண்டது. யார் தலையில் யார் கை வைத்தால் அவர் போதகர் ஆவார் என்பதைத் தீர்க்க இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. இதை அற்பமென்று நான் ஒதுக்கமாட்டேன். அப்போஸ்தலர் வழிவந்த தொடர்ச்சி என்று அதை மதித்தவர்களுக்கு அது உயிர்நிலை. ஆனால் இத்தனை ஆண்டுப் பேச்சும் தேவனைப் பற்றியதல்ல என்பதைக் கவனியுங்கள்.

1945 ஜனவரியில் அசரியா காலமானார். பலனைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் அந்தச் சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஏற்கெனவே ஊழியத்தில் இருந்தவர்களுக்கு மறுபடியும் அபிஷேகம் வேண்டாம். இனிமேல் அபிஷேகம் பேராயர் கையால் நடக்கும் என்று முடிவாயிற்று. பேராயர் கை வைக்காதவர்களையும் அப்படியே ஏற்பதா என்று இங்கிலாந்தில் ஒரு சாரார் கொதித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. பிரமாணங்களின் அடிப்படை உண்மைகளே இணைப்புக்குப் போதும், ஒவ்வொரு சொல்லுக்கும் சொற்றொடருக்கும் தனித்தனியே ஒப்புதல் கேட்கமாட்டோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தார்கள். தங்கள் விசுவாசத்தில் உறுதியுள்ளவர்களுக்கே அந்தத் தாராளம் வரும்.

ஆனால் தரங்கம்பாடி அறிக்கையோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. எல்லாப் பிரிவினையும் கப்பலில் வந்ததல்ல. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சைப் பகுதி ஆலயங்களில் சாதிக்கொரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். திருவிருந்துக் கிண்ணத்தை இன்னாருக்குப் பிறகு தொடமாட்டோம் என்றவர்களும் உண்டு. அவர்களில் யாரும் பிரமாணத்தில் ஒரு வரியைக்கூட மறுக்கவில்லை. இருந்தும் கடிதத்துக்குப் பணிய மறுத்துப் பலர் சபையைவிட்டே போனார்கள்.

“ஒரே ஞானஸ்நானத்தை அறிக்கையிடுகிறேன்” என்பதும் அந்தப் பிரமாணத்தின் வரிதான். பேராயர் பதவி அதில் இல்லை. அப்படியானால் அடிப்படையை மீறியவர் யார்? பேராயர் வேண்டாம் என்ற காங்கிரிகேஷனல் சபைக்காரரா, கிண்ணத்தைத் தொட மறுத்தவரா? இன்றும் சில ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்கள் சாதிவாரியாகப் பிரிந்தே கிடக்கின்றன. மரித்தோர் உயிர்த்தெழுவார்கள் என்று ஞாயிறுதோறும் சொல்பவர்கள்தான் அங்கே புதைக்கவும் போகிறார்கள்.

இந்த அரங்கில் சபைக் கமிட்டி உறுப்பினர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்தப் பக்கம் என்று முடிவு செய்வது யார்? கேள்வி நேரத்தில் முதலில் அதைப் பேசுவோம்.