கூட்டுப்பட்டா நெலத்துல தோட்டத்த இன்னும் பத்து சென்ட் நீட்டுறோம்

வணக்கம் மக்களே, எல்லாரும் நல்லா இருக்கீங்களா, காத்து சத்தம் வந்தா அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க, ஆடிக்காத்து. நம்ம வீட்டுக்கு பின்னாடி அஞ்சு சென்ட்ல காய் போட்டுட்டு இருந்தோம்ல, இப்ப அந்த வேலிய தள்ளி வச்சு இன்னும் பத்து சென்ட் சேத்துட்டோம். "தென்னை வைங்க, கொய்யா வைங்க"ன்னு கமெண்ட்ல நிறைய பேர் கேட்டீங்க. இது தாத்தா பேர்ல இருந்து வந்த கூட்டுப்பட்டா மக்களே, பெரியப்பா, அப்பா, அத்தை மூணு பேருக்கும் பாத்தியம் இருக்கு, பாகம் பிரிக்காத எடத்துல மரத்த வச்சா நாளைக்கு அந்த மரம் யாரு பங்குல விழுதுன்னு ஒரு பஞ்சாயத்து வரும். கொடியும் கீரையும்னா அந்த தொல்லையே இல்ல, பெரியப்பா வந்தாலும் ஒரு பை நிறைய பறிச்சுக்கிட்டு சந்தோஷமா போவாரு.

புது எடத்துல நேரா விதை போடல. செம்மண்ணு, சத்தே இல்லாம கெடந்துச்சு. வைகாசில ஒரு மழை பேஞ்சதும் தக்கைப்பூண்டு, அதாவது வளத்து மண்ணோட மடக்கி உழுது உரமாக்குற செடி, அதுல ரெண்டு கிலோ விதைச்சு விட்டோம், ஏக்கருக்கு இருபது கிலோ கணக்கு, அதான் பத்து சென்ட்டுக்கு ரெண்டு. இங்க பாருங்க, ஓரத்துல ஒண்ணு மட்டும் விட்டு வச்சிருக்கேன், புடுங்குறேன்... வேருல குட்டி குட்டியா முடிச்சு தெரியுதா? நகத்தால கிள்ளுனா உள்ள ரோஸ் கலரா இருக்கு, அப்படி இருந்தா காத்துல இருக்க நைட்ரஜன புடிச்சு செடிக்கு குடுக்குதுன்னு அர்த்தம். உள்ள வெள்ளையாவோ பச்சையாவோ இருந்தா வேலை நடக்கலன்னு வச்சுக்கங்க. பூ எடுக்குற நேரத்துல, ஒரு 45 நாள்ல, மடக்கி உழுதுரணும், விட்டா தண்டு கட்டையாயிரும், மக்காது. உழுதுட்டு பத்து பதினஞ்சு நாள் மக்க விட்டுதான் இப்ப ஆடிப்பட்டத்துக்கு பீர்க்கன், பொடலை ஊனிருக்கோம்.

பழைய பந்தல்ல பீர்க்கம்பிஞ்சுல ஊசி குத்துன மாதிரி புள்ளியும் பிசினும் இருக்கு பாருங்க, பழ ஈ முட்டை வச்சது. இதுக்கு மருந்தெல்லாம் அடிக்காதீங்க, நாளைக்கே பறிச்சு திங்கிற காய்ல என்னத்துக்கு விஷம்? தண்ணி பாட்டில்ல ஓட்டைய போட்டு ஊற வச்ச கருவாட்ட உள்ள போட்டு பந்தல்ல கட்டுங்க, வாரம் ஒரு தடவை மாத்துங்க, நாத்தம் தாங்காது ஆனா ஈ வந்து உள்ள விழும். குத்துன பிஞ்ச அப்படியே கீழ போட்றாதீங்க, புழு மண்ணுக்குள்ள போயி கூட்டுப்புழுவாகி திரும்ப ஈயா கெளம்பும், ஆழமா குழி தோண்டி பொதைங்க.

மூணாவது பந்தல்ல மிதிபாகல், அதான் குட்டி குட்டியா காய்க்கிற பாகல், போடலாம்னு இருக்கேன், நாட்டு விதை யாருகிட்டயாச்சும் இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, பதிலுக்கு நம்ம பீர்க்கன் விதை அனுப்பி விடுறேன்.