முழங்காலில் தூங்கிய ஞாயிறு

அன்பான நேயர்களுக்கு என் வணக்கம்.

விசுவாச வாழ்க்கையில் இளைப்பாறுதல் என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று கேட்டபோது, எனக்கு உடனே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நினைவுக்கு வந்தது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் பள்ளி ஆசிரியை. திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவள். மூன்று வருடத்துக்கு முந்தின டிசம்பர் மாதம் அது. அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டுக்கட்டாக வீட்டில் கிடக்கிறது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் நாடகம் பழக்குவது என் பொறுப்பு. பாடகர் குழுவில் ஆள் குறைவு என்று அதிலும் நான். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கும் நானே செயலாளர். வீடுவீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் போய்விட்டு வீடு திரும்ப இரவு ஒன்றரை, இரண்டு ஆகும். வீட்டில் என் அத்தை, என் வீட்டுக்காரரின் அம்மா, பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார்கள். அவர்களைப் புரட்டிப் படுக்க வைத்து, துணி மாற்றிவிட்டுத்தான் நான் தலையைச் சாய்ப்பேன்.

அந்த ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற திருவிருந்து ஆராதனை. பீடத்துக்கு முன்னால் கிராதியைப் பிடித்துக்கொண்டு முழங்காற்படியிட்டேன். அப்பம் வாங்கியது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் நினைவில் இருப்பது, பக்கத்தில் இருந்த அக்கா என் முழங்கையைத் தொட்டதுதான். கண்ணைத் திறந்தால் என் நெற்றி கிராதி மரத்தில் சாய்ந்திருக்கிறது. எதிரே ஐயர், எங்கள் சபைப் போதகர், திராட்சரசப் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி நிற்கிறார். எவ்வளவு நேரம் நின்றாரோ, இன்றைக்குவரை நான் கேட்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். கர்த்தருடைய பந்தியில் தூங்கிவிட்டேனே என்ற துக்கம். ஐயர் வந்தார். வசனம் சொல்லுவார், அல்லது கண்டிப்பார் என்று நினைத்தேன்.

“டீச்சரம்மா, ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீங்க?”

“ரெண்டரை இருக்கும் ஐயா.”

“காலையில என்ன சாப்பிட்டீங்க?”

திருவிருந்து எடுக்கிற நாளில் வெறும் வயிறாகப் போவது எங்கள் வீட்டு வழக்கம். ஒன்றும் சாப்பிடவில்லை என்றேன்.

“முதல்ல வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டுத் தூங்குங்க. சாயங்காலம் நானும் எங்க வீட்டம்மாவும் வாரோம். அப்ப ஜெபம் பண்ணிக்கிடலாம்.”

அவ்வளவுதான் சொன்னார். சாயங்காலம் இருவரும் வந்தார்கள். ஐயரம்மா அத்தைக்குக் கஞ்சி ஊட்டினார்கள்.

பிற்பாடு வேதாகமத்தில் ஒன்று இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். சிறுவயதிலிருந்து தெரிந்த பகுதிதான். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி கண்ட எலியா தீர்க்கதரிசி, யேசபேல் ராணியின் ஒரு மிரட்டலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே” என்று சாவைக் கேட்கிறார். தேவதூதன் வந்து அவரைக் கண்டிக்கவில்லை, ஆறுதல் பிரசங்கமும் செய்யவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்லுகிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்ளுகிறார். தூதன் இரண்டாந்தரமும் வந்து எழுப்பிச் சாப்பிடச் சொல்லுகிறான். பிரயாணம் வெகுதூரம் என்பதுதான் அவன் சொல்லுகிற காரணம். ஓரேப் மலையில் கேட்ட அந்த மெல்லிய சத்தம் இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. இரண்டு தூக்கமும் இரண்டு சாப்பாடும் முதலில். இந்த வரிசையை நான் அதுவரை கவனித்ததே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பெண்களுக்காகவே சொல்லுகிறேன். ஐயரம்மா வற்புறுத்தியதால் அந்த வாரமே இரத்தப் பரிசோதனை செய்தேன். ஹீமோகுளோபின் ஒன்பதைத் தொடவில்லை. பெண்களுக்குப் பன்னிரண்டுக்குக் குறையக் கூடாது. நான் ஒரு வருடமாக “ஆவிக்குரிய சோர்வு நீங்க வேண்டும்” என்று ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் உடம்பில் இரும்புச்சத்து வற்றிக்கொண்டிருந்தது. நம் நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லுகிறது. மூச்சு வாங்குகிறது, எதிலும் மனம் ஒட்டவில்லை, ஜெபத்தில் உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது என்றால் தயவுசெய்து டாக்டரிடமும் போங்கள். ஜெபித்துக்கொண்டே போங்கள்.

துருப்பிடித்துப் போவதைவிடத் தேய்ந்துபோவது மேல் என்று மேடைகளில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மண்வெட்டி தேய்ந்தால் கொல்லுப்பட்டறைக்குக் கொண்டுபோய் அடித்துத் தீட்டலாம். அதற்கும் அன்றைக்கு அதை வயலிலிருந்து எடுத்தாக வேண்டும்.

ஓய்வெடுப்பது எனக்கு ஏன் கஷ்டமாக இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நேரமில்லை என்பது பாதி உண்மைதான். நான் இல்லாவிட்டால் நாடகம் நடக்காது என்ற நினைப்பு எனக்குள் இனித்துக்கொண்டிருந்தது. அதை ஊழிய பாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மோசே காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒருவராக உட்கார்ந்து வழக்குத் தீர்த்ததைப் பார்த்த அவர் மாமனார் எத்திரோ, நீர் செய்கிற காரியம் நல்லதல்ல என்று முகத்துக்கு நேரே சொன்னார். நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றார். இதில் ஜனங்களும் என்ற சொல்தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்ததால், செய்ய ஆசைப்பட்ட பிள்ளைகள் சும்மா நின்றிருக்கிறார்கள். அடுத்த வருடம் நாடகத்தை ஒரு கல்லூரிப் பெண் எடுத்துச் செய்தாள். மேய்ப்பர்களில் ஒருவனுக்குத் தலைப்பாகை அவிழ்ந்து கண்ணை மறைத்தது. யோசேப்பு தன் வசனத்தை மறந்தான். மேரியாக நின்ற பிள்ளை அதை அவன் காதில் மெதுவாகச் சொல்லிக் கொடுத்தாள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த வருடத்துக் கிறிஸ்துமஸில் என் மனதில் நிற்கும் காட்சி அதுதான்.

இப்போது வீட்டில் உள்ள ஆண்களிடம் ஒரு வார்த்தை. உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளையைப் பாருங்கள். வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்கிறது. மாடும் கழுதையும்கூட அந்தக் கணக்கில் உண்டு. எகிப்தில் நீ அடிமையாயிருந்தாய், நினைத்துக்கொள் என்று காரணமும் சொல்லுகிறது. ஒருவருடைய ஓய்வு இன்னொருவருடைய முதுகில் ஏறி உட்காரக் கூடாது. நம் வீடுகளில் ஞாயிறு என்றால் ஆராதனை முடிந்து வந்ததும் கறியும் சோறும். ஆறு நாளும் வேலை செய்தவளுக்கு ஏழாம் நாள் இரட்டிப்பு வேலை. என் ஆச்சி சனிக்கிழமையே அரைத்து, தண்ணீர் எடுத்து, மண்சட்டியில் மீன்குழம்பு வைத்து இறக்கிவிடுவாள். மறுநாள் சோறு மட்டும்தான் வடிப்பாள். பழைய குழம்புக்கு ருசி அதிகம் என்பது சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். மத்தியானம் ஆச்சி திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து பெரிய எழுத்து வேதாகமத்தை மடியில் வைத்திருப்பாள். இப்போது எங்கள் வீட்டிலும் சனிக்கிழமைக் குழம்புதான். ஞாயிறு காலை அத்தைக்கு இட்லி ஊட்டுவது என் வீட்டுக்காரர். முதலில் சட்னியெல்லாம் தலையணையில் சிந்தியது. அத்தைக்கு மகன் கையால் சாப்பிடுவதில் ஒரு சந்தோஷம், அது முகத்திலேயே தெரியும்.

படுக்கையில் இருந்து இதைக் கேட்கிறவர்களும் இருப்பீர்கள். களக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் டோனாவூரில் ஏராளமான பிள்ளைகளுக்குத் தாயாக இருந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் விழுந்து அடிபட்டார். 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயே இருந்தார். அந்த அறையிலிருந்தே எழுதினார், ஜெபித்தார், வந்தவர்களைத் தேற்றினார். ஓடியாடிச் செய்வது மட்டும்தான் ஊழியம் என்றால், அந்த 20 வருடத்தை நாம் எந்தக் கணக்கில் எழுதுவோம்?

ஒரு நாள் முழுக்க ஓய்வு என்பது பலருக்கு முடியாத காரியம். நர்ஸ் வேலை பார்க்கிறவர்கள், பஸ் ஓட்டுகிறவர்கள், நோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் ஞாயிறும் வேலை நாள்தான். மாற்கு ஆறாம் அதிகாரத்தில், சாப்பிடக்கூட நேரமில்லாத சீஷர்களை இயேசு தனியாக ஓரிடத்துக்குப் போய்ச் சற்றே இளைப்பாறலாம் என்று அழைக்கிறார். படகில் ஏறுகிறார்கள். அதைப் பார்த்த ஜனங்கள் கரைவழியாக ஓடி முந்திப் போய் அங்கே நிற்கிறார்கள். மறுபடியும் வேலை. அன்றைக்கு அவர்களுக்கு வாய்த்த ஓய்வு படகில் போன நேரம் மட்டும்தான். அவரோடு ஒரே படகில் போன நேரம்.

எனக்கு அது பஸ்ஸில் கிடைக்கிறது. பள்ளி பாளையங்கோட்டையில். வீட்டுக்குப் போக சுலோச்சன முதலியார் பாலத்தைக் கடக்க வேண்டும், 1843-ல் கட்டிய பாலம். முன்பெல்லாம் ஏறி உட்கார்ந்ததும் வாட்ஸ்அப் குழுவைத் திறந்துவிடுவேன். இப்போது போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடுகிறேன். பாலத்தில் ஏறினதும் ஜன்னல் வழியாகத் தாமிரபரணிக் காற்று வரும். கீழே யாராவது துணி துவைத்துக்கொண்டிருப்பார்கள், எருமைகள் தண்ணீரில் கிடக்கும். நான் ஒன்றும் கேட்டு ஜெபிப்பதில்லை. “ஆண்டவரே, நான் இங்க இருக்கேன்” என்று மட்டும் சொல்லுவேன். ஜங்ஷன் வந்ததும் இறங்கி, அத்தைக்கு மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்பேன்.

வணக்கம்.