மண்ணுக்கென்று வளர்ந்த உடல்

அவையோருக்கு வணக்கம்.

விண்வெளிப் பயணம் என்றதும் நம் கண்முன் வருவது தீப்பிழம்பைக் கக்கி எழும் ராக்கெட்தான். 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் பூமியைச் சுற்றி வந்தார். பயணம் 108 நிமிடங்களில் முடிந்தது. மனிதனை மேலே ஏற்றி உயிரோடு இறக்க முடியும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. அவனை அங்கே ஆண்டுக்கணக்கில் நலமாக வைத்திருப்பதுதான் இன்னும் தீராத கணக்கு.

சர்வதேச விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. அங்கே ஈர்ப்பு விசை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். தரையில் இருப்பதில் சுமார் 90 சதவீதம் அங்கும் இருக்கிறது! நிலையம் மணிக்கு 27,000 கி.மீ.க்கும் கூடுதலான வேகத்தில் விரைந்தபடியே பூமியை நோக்கி விழுந்துகொண்டிருக்கிறது. பூமியின் பரப்பும் அதற்கேற்ப வளைந்து விலகுவதால் தரையைத் தொடுவதில்லை. உள்ளிருப்பவர்களும் கூடவே விழுகிறார்கள். எடையின்மை என்பது இதுதான்.

மிதப்பது பார்வைக்கு அழகு. உடலோ, சுமையே இல்லாத இடத்தில் இத்தனை எலும்பு எதற்கு என்று கேட்கத் தொடங்கிவிடுகிறது. இடுப்பு போன்ற எடை தாங்கும் எலும்புகள் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தியை இழக்கின்றன. கரையும் கால்சியம் சிறுநீரில் சேர்வதால் சிறுநீரகக் கல் உருவாகும் அபாயமும் கூடுகிறது. கால்களில் தங்கவேண்டிய நீர்மம் தலைக்கு ஏறி முகம் வீங்குகிறது. சிலருக்குப் பார்வையே மாறிப்போகிறது. இவற்றுள் எலும்பு, தசை இழப்பைக் குறைக்கத்தான் விண்வெளி வீரர்கள் நாள்தோறும் சுமார் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். அது அவர்களுக்கு மருந்து.

ரஷ்ய விண்வெளி வீரர் வலேரி பல்யாகோவ், அந்நாட்டின் மிர் விண்வெளி நிலையத்தில் தொடர்ந்து 437 நாள்கள் இருந்துவிட்டு 1995-இல் திரும்பினார். கலத்திலிருந்து அருகிலிருந்த நாற்காலிவரை தன் காலாலேயே நடந்தார். எனக்கு நம்பிக்கை தரும் காட்சி அது. ஆனால் அவரைச் சுற்றிலும் உதவிக்கு ஆள்கள் இருந்தார்கள். செவ்வாயில் இறங்குபவரைக் கைத்தாங்கலாகப் பிடிக்க யார் இருப்பார்கள்?

அடுத்தது கதிர்வீச்சு. விண்வெளி நிலையத்தைப் பூமியின் காந்தப்புலம் ஓரளவு காக்கிறது. செவ்வாய்க்குச் செல்லும் வழியில் அந்தக் கவசம் கிடையாது. செவ்வாய்க்கு ஆளில்லாமல் சென்ற கியூரியாசிட்டி கலம் போகும் வழியில் அளந்தது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.8 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). சூரியனிலிருந்தும் கதிர்வீச்சு திடீரெனப் பாயலாம்; 1972 ஆகஸ்டில் அப்படியொரு பெரும் சூரியப் புயல் வீசியது. நிலவுக்கு ஆள்களை ஏற்றிச் சென்ற அப்பல்லோ 16 ஏப்ரலில் திரும்பியிருந்தது, டிசம்பரில்தான் அப்பல்லோ 17 கிளம்பியது. இடையில் யாரும் நிலவில் இல்லாதது நம் நல்வாய்ப்பு.

நிலையத்தில் ஒருவருக்கு உடல்நலம் கெட்டால் சில மணி நேரத்தில் தரைக்குக் கொண்டுவந்துவிடலாம். செவ்வாய்ப் பயணத்தில் திரும்பிவர மாதங்கள் ஆகும். அங்கிருந்து கேட்கும் கேள்வி பூமியை அடையவே, தூரத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும். பதிலுக்கும் அதே அளவு காத்திருக்க வேண்டும். குடல்வால் அழற்சியோ, மூச்சுத்திணறலோ வந்தால் முடிவெடுக்க வேண்டியவர் கலத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும். எந்த ராக்கெட்டில் போவது என்ற விவாதத்துக்குத் தரும் நேரத்தில் பாதியையாவது, அந்தக் குழுவில் எத்தனை மருத்துவர்கள், அவர்கள் கையில் என்னென்ன கருவிகள், ஆண்டுக்கணக்கில் கெடாத மருந்துகள் எவை என்ற கேள்விகளுக்கும் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.