தயிர் தோயும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம். தயிரைப் பற்றிப் பேச அழைப்பு வந்தபோது, பல ஆண்டுகளாக வீட்டில் உறை ஊற்றி வருபவன் என்ற முறையில் மிகுந்த மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன்.

தோய்ந்து குளிர்ந்த முதல் சில மணி நேரத்தில் தயிருக்கு ஒரு தனிச் சுவை உண்டு. பாலின் சர்க்கரையில் பெரும்பகுதி அப்போதும் மீதமிருப்பதால் மெல்லிய இனிப்பு தெரியும்; புளிப்பு நாவின் ஓரத்தை இலேசாகத் தொட்டுவிட்டுப் போகும்; கரண்டியால் ஒரு துண்டை எடுத்தால், எடுத்த இடம் கலையாமல் வழவழப்பாக நிற்கும். அந்தத் தயிரை விலைக்கு வாங்க முடியாது. விற்பனைக்கு வரும் தயிர் நல்லதாகவே இருந்தாலும், அது நம் கைக்கு வருவதற்குள் நாள்கள் ஓடிவிடுகின்றன. குளிரிலும் அதன் நுண்ணுயிரிகள் முற்றிலும் ஓய்வதில்லை என்பதால் புளிப்பு சிறுகச் சிறுக ஏறிக்கொண்டே இருக்கிறது. வீட்டில் தயிர் தோய்ப்பதற்குச் சிக்கனம், தூய்மை என்று பல காரணங்கள் சொல்லப்படுவதுண்டு. எனக்கு அந்த முதல் சில மணி நேரம் ஒன்றே போதுமான காரணம்.

பால் தயிராவது எப்படி? நூறு மில்லி பாலில் ஏறக்குறைய 5 கிராம் லாக்டோஸ் என்னும் சர்க்கரை இருக்கிறது. உறையில் உள்ள பாக்டீரியாக்கள் அதில் ஒரு பகுதியை உண்டு லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. புதிய பாலின் அமில-காரக் குறியீடு, அதாவது பிஎச் அளவு, 6.7-ஐ ஒட்டியிருக்கும், அமிலம் பெருகப் பெருக அது 4.6-ஐ நோக்கி இறங்குகிறது. பாலில் மிதக்கும் கேசீன் என்னும் புரதத் துகள்கள் அதுவரை ஒன்றையொன்று விலக்கியபடி இருந்தவை; அமிலம் அந்த விலக்கலைத் தணித்தவுடன் அவை கைகோத்து ஒரு வலையாகின்றன. பாலின் நீரும் கொழுப்பும் அந்த வலைக்குள் தங்கிவிடுவதே நாம் தோய்தல் என்று சொல்வது.

பல்கேரிய மருத்துவ மாணவர் ஸ்டாமென் கிரிகோரோவ் 1905-ஆம் ஆண்டு ஜெனீவாவில் தயிரை நுண்ணோக்கியின் அடியில் வைத்து ஆராய்ந்து, அதிலிருந்த கோல் வடிவ பாக்டீரியாவை விவரித்தார். லாக்டோபாசில்லஸ் பல்காரிகஸ் என்ற பெயரில் அவருடைய தாய்நாடு இன்றும் நிற்கிறது. அதனோடு சேர்ந்து உழைப்பது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ். ஒன்று பால் புரதத்தை உடைத்து மற்றதற்கு அமினோ அமிலங்களைத் தருகிறது. மற்றது ஃபார்மிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் தந்து முதலாவதை வளர்க்கிறது. தனித்தனியே விட்டால் இரண்டும் மெதுவாகவே வேலை செய்யும். ஒரு துளி பிரையில் இப்படியோர் ஒத்துழைப்பு அடங்கியிருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

இனி, செய்முறை. பெரும்பாலோர் உறையின் அளவைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். என் அனுபவத்தில் தயிரின் தரம் அடுப்பிலேயே முடிவாகிவிடுகிறது. கிருமிகளை அழிப்பது மட்டுமே பாலைக் காய்ச்சுவதன் நோக்கமன்று. 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறும்போது பாலின் மோர்ப்புரதங்கள் சுருள் விரிந்து கேசீன் துகள்களோடு ஒட்டிக்கொள்கின்றன. பின்னர் உருவாகும் வலை அதனால்தான் உறுதியாகி நீரைப் பிடித்து வைக்கிறது. ஒரு கொதி வந்தவுடன் இறக்கிவிடாமல், மெல்லிய தீயில், அடிபிடிக்காதபடி கிளறிக்கொண்டு, 90 டிகிரிக்குச் சற்று மேலாகவே ஐந்து நிமிடமாவது வைத்திருந்தால், மறுநாள் தயிரின் கெட்டித்தன்மையில் அந்த வேறுபாட்டைக் காணலாம்.

அடுத்தது ஆற விடுவது. இங்கே பொறுமையிழந்து நான் பலமுறை தோற்றிருக்கிறேன். சுடுபாலில் உறை ஊற்றிவிட்டு, காலையில் ஊற்றியபடியே இருந்த பாலைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். அதிகச் சூடு அந்த உயிர்களைக் கொன்றுவிடும். 45 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகே உறை சேர்க்க வேண்டும். வெப்பமானி இல்லையென்றால், கழுவிய விரலைப் பாலில் வைத்துப் பத்து வரை எண்ண முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் பாலுக்கு ஒரு மேசைக்கரண்டி உறை தாராளம். அதைச் சிறிது பாலில் கட்டியில்லாமல் கரைத்துப் பிறகு மொத்தப் பாலோடு கலக்க வேண்டும். கூடுதலாக ஊற்றினால் தயிர் கெட்டியாகும் என்று எண்ணுவது தவறு. விரைவில் புளித்து, மணல்மணலாகி, நீர் விட்டுவிடவே வாய்ப்பு அதிகம்.

பிறகு துணியால் சுற்றியோ, சூடேற்றாமல் உள்விளக்கு மட்டும் எரியும் அடுப்புப்பெட்டிக்குள் (ஓவன்) வைத்தோ, வெதுவெதுப்பு குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 43 டிகிரியை ஒட்டி நான்கைந்து மணி நேரத்தில் தோய்ந்துவிடும். அதைவிடக் குறைந்த சூட்டில் நேரம் கூடும், ஆனால் தயிர் மென்மையாகவும் நீர் பிரியாமலும் வரும். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வழி. இடையில் பாத்திரத்தை அசைக்கவே கூடாது. அரைகுறையாகப் பின்னிய வலை அறுந்தால் மீண்டும் அதே உறுதியோடு சேராது.

தோய்ந்ததும் உடனே குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். புளிப்பு அங்கே ஏறக்குறைய நின்றுவிடும். மேலே இளம்பச்சை கலந்த நீர் நின்றால் அஞ்ச வேண்டாம், ரைபோஃப்ளேவின் என்னும் வைட்டமினின் நிறம் அது. இளஞ்சிவப்பாகவோ பூஞ்சையாகவோ எதைக் கண்டாலும் தயங்காமல் கொட்டிவிட வேண்டும்.

நோபல் பரிசு பெற்ற அறிவியலாளர் எலி மெச்னிகோவ், புளித்த பால் ஆயுளை நீட்டும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையை நான் வலியுறுத்த மாட்டேன். பாலின் சர்க்கரை செரிக்காதவர்கள் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது என்பது உறுதியானது. அந்தப் பாக்டீரியாக்களின் நொதிகளே குடலில் அதற்குத் துணை நிற்கின்றன.

நாளைக் காலை உங்கள் வீட்டுப் பாத்திரத்தில் தயிர் தோய்ந்திருந்தால், யாரும் கரண்டி வைப்பதற்கு முன்பே, உலர்ந்த சிறு கிண்ணத்தில் ஒரு கரண்டி எடுத்து மூடி வைத்துவிடுங்கள். அடுத்த பாலுக்கு உறை அதுதான். அதன் பிறகு, எதையும் கலக்காமல், ஒரு வாய் உண்டு பாருங்கள். வணக்கம்.