40 பெரிதா, 33 பெரிதா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

தோற்ற பிறகு பயிற்சியாளரின் முடிவைக் கேள்வி கேட்பது நியாயம்தான் என்பது எங்கள் கட்சி. எதிரணித் தோழர் எங்களை, "கரையில் நின்று நீச்சல் சொல்லித் தருகிறவர்கள்" என்றார். கைதட்டலும் வாங்கிவிட்டார். சரி ஐயா, அந்தக் கரைக்கே போவோம்.

2023 அக்டோபர் 7. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து, பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற ஆட்டம். மயாமி 20, ஜார்ஜியா டெக் 17. பந்து மயாமியிடம். மூன்றாவது டவுன், அதாவது பந்தை முன்னேற்றக் கிடைக்கும் நான்கு வாய்ப்பில் மூன்றாவது. பாக்கி 33 நொடி. ஜார்ஜியா டெக்கிடம் கெடிகாரத்தை நிறுத்த ஒரு டைம்-அவுட்கூட இல்லை. செய்ய வேண்டியது என்ன? சென்டர் என்கிற நடு ஆட்டக்காரர் பந்தைப் பின்னால் தருவார். அணியின் ஆட்டத்தை நடத்தும் க்வாட்டர்பேக் வாங்கி ஒரு முழங்காலைத் தரையில் வைப்பார். அவ்வளவுதான்! ஆட்டம் நிற்கும், கெடிகாரம் ஓடும். அடுத்த பந்தை எடுக்க விதி தரும் அவகாசம் 40 நொடி. அவையோரே, நீங்களே சொல்லுங்கள், 40 பெரிதா, 33 பெரிதா? மண்டி போட்டுவிட்டுச் சும்மா நின்றாலே ஜெயித்தாயிற்று!

மண்டி போடவில்லை. ஓட்டக்காரரிடம் பந்தைக் கொடுத்து ஓடச் சொன்னார்கள். எதிரில் 11 பேர். பந்தைத் தட்டிப் பறிப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு கதியே இல்லை. பறித்தார்கள். தங்கள் 26-வது யார்டிலிருந்து 74 யார்டு போனார்கள், கடைசி 44 யார்டு ஒரே பாஸில். 1 நொடி மிச்சம் இருக்கும்போது ஜார்ஜியா டெக் 23, மயாமி 20!

"ஓட்டக்காரரின் முழங்கால் முதலிலேயே தரையில் பட்டுவிட்டது, அதனால் பந்து பறிபோனதே செல்லாது" என்கிறார் தோழர். ரீப்ளே பார்த்தும் தீர்ப்பு மாறவில்லை. க்வாட்டர்பேக்கின் முழங்கால் பட்டிருந்தால், இந்த முழங்காலுக்கு வழக்கே இல்லையே ஐயா!

கரைக்கு வருகிறேன். 2006 ரோஸ் போல் என்ற கல்லூரிப் போட்டியில் யூஎஸ்சி அணி, கடைசி வாய்ப்பான நான்காவது டவுனில் பந்தைத் தூர உதைக்காமல் 2 யார்டுக்கு ஓடிப் பார்த்துத் தடுக்கப்பட்டு, டெக்சஸிடம் 41–38 என்று தோற்றது. அதை இரண்டு விதமாகவும் வாதாடலாம், ஒத்துக்கொள்கிறேன். 33 நொடியை அப்படி வாதாட முடியுமா? 40 நொடி விதி தோற்ற பிறகா எழுதப்பட்டது? அதோடு, மயாமியின் பயிற்சியாளர் மாரியோ கிறிஸ்டோபால் 2018-இல் ஓரிகன் அணியின் பயிற்சியாளராக இருந்தவர். ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக 31–28 முன்னிலை, முடியும் நேரம். அன்றும் ஓடச் சொன்னார்கள், அன்றும் பந்து நழுவியது, கூடுதல் நேரத்தில் 38–31 தோல்வி. நீச்சல் தெரிந்தவர் ஒரே சுழியில் இரண்டு தடவை இறங்குகிறார். கரையில் நிற்கிறவன் கத்தாமல் என்ன செய்வான்?

நடுவர் அவர்களே, கடைசியாக அந்த ஓட்டக்காரப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். கல்லூரி மாணவன். "ஓடு" என்றார்கள், ஓடினான். நாம் பயிற்சியாளரைக் கேட்காமல் விட்டால், "பந்தை விட்டவன்" என்ற பெயரை அந்தப் பிள்ளைதான் ஆயுசுக்கும் சுமப்பான். மண்டி போட்டிருக்க வேண்டும் என்று கிறிஸ்டோபாலே பிறகு ஒப்புக்கொண்டார். நாலு பேர் கேட்டதால்தான் அந்த வார்த்தை வந்தது. அந்தப் பிள்ளையின் காதிலும் அது விழுந்திருக்கும் ஐயா. வணக்கம்.