வால் நுனி
(ஹட்டனில் ஒரு பாடசாலை மண்டபத்தில் ஆற்றிய உரை)

பெரியவர்களே, அம்மாமாரே, பிள்ளைகளே, வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் தோட்டத்தில் தேயிலைச் செடிக்கடியில் ஒரு சிறுத்தை படுத்திருந்தது. நம் பேச்சில் அது புலிதான். கொழுந்துக் கூடைகளை இறக்கிவிட்டு மலையே கூடிவிட்டது. கான் ஓரமெல்லாம் நீட்டிய கைபேசிகள். "பாருங்கள் சேர், பயமே இல்லாமல் படுத்திருக்கிறது" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். வால் நுனி மட்டும் அசைந்தது. இருட்டியதும் காட்டுக்குள் போய்விட்டது.

அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆய்வாளர்கள் கருங்கரடிகளுக்குக் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டி கட்டி, தோலுக்கடியில் இதயத் துடிப்பை எண்ணும் சிறு கருவியையும் வைத்தார்கள். பிறகு தலைக்கு மேலே ட்ரோனைப் பறக்கவிட்டார்கள். 2015இல் முடிவு வெளிவந்தது. கரடிகள் எழுந்து ஓடியது அபூர்வம். துடிப்போ எகிறியிருந்தது, ஒரு தடவை வழக்கத்தைவிட நிமிடத்துக்கு 123 கூடுதலாக! பார்த்தவன் கண்ணுக்கு அது சும்மா நின்ற கரடி.

இந்தக் கருவிகளின் முன்னோடி எது தெரியுமா? சமையலறைக் கடிகாரம். 1960களில் ஜெரால்ட் கூய்மன் என்ற ஆய்வாளர் அந்தாட்டிக்காவில் 60 நிமிடக் கடிகாரம் ஒன்றைக் கடல்நாயின் உடம்பில் கட்டிவிட்டார். புகைக்கரி படிந்த கண்ணாடித் தட்டில் ஊசி கீறிய கோடு, கடல்நாய் எவ்வளவு ஆழம் போனது என்று சொன்னது. இன்று நீலத் திமிங்கிலத்தின் மேலேயே உறிஞ்சுக் கிண்ணங்களால் கருவியை ஒட்டுகிறார்கள். ஆழத்தில் அதன் இதயம் சில வேளை நிமிடத்துக்கு 2 தடவைதான் துடிக்கிறது. மேலே வந்தால் 37 வரை.

பறவைக்குக் கட்டும் கருவி அதன் எடையில் 3 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பலரும் பின்பற்றும் வழக்கம். 60 கிலோ உள்ள ஆளுக்கு அது 2 கிலோகூட வராது. கூடை சுமக்கும் அம்மாமாருக்கு இப்படி யாரும் கணக்குப் பார்த்ததில்லை, அது வேறு கதை.

பன்றிக்கு வைத்த கம்பியில் புலி மாட்டிக்கொண்டால் மிருக வைத்தியர் வந்து மயக்க மருந்து ஏற்றுவார். சுற்றி நின்று நாம் கூச்சல் போட்டால், பதற்றத்தில் மருந்து சரியாகப் பிடிக்காது. பிடிபட்ட பதற்றத்திலேயே செத்துப்போகும் மிருகங்களும் உண்டு.

அன்று நான் எடுத்த வீடியோ இன்னும் கைபேசியில் இருக்கிறது. முன்பெல்லாம் வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பெருமையாகக் காட்டுவேன். இப்போது அதைத் திறந்தால் வால் நுனியைத்தான் பார்க்கிறேன்.