குக்கரில் வைத்த ஸ்லைடு

நேயர்களுக்கு வணக்கம். நான் டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் முப்பது வருஷத்துக்கு மேல் பேத்தாலஜி லேபில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். மைக்ரோஸ்கோப்பில் பார்த்து முடிவு சொல்வது டாக்டர். அவர் பார்க்கிற ஸ்லைடில் சதையை ஒட்டி, சாயம் ஏற்றிக் கொடுப்பது எங்கள் வேலை.

எழுபது வயதுப் பெரியவர் ஒருவருக்கு முதுகு வலி. வயசாயிற்று, வாயு என்று தைலம் தேய்த்துப் பார்த்திருப்பார்கள். ஸ்கேன் எடுத்தால் முதுகெலும்பில் இரண்டு மூன்று இடத்தில் கோளாறு. ஊசி விட்டு ஒரு துணுக்கு எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். அதில் புற்றுநோய் செல் இருக்கிறது. ஆனால் அது எலும்பில் பிறந்தது இல்லை, வேறெங்கிருந்தோ குடிவந்தது. நுரையீரலா, குடலா, ஆண்களுக்கு மூத்திரப்பைக்கு அடியில் இருக்கிற புரோஸ்டேட் சுரப்பியா? வைத்தியமே அதைப் பொறுத்துத்தான். புரோஸ்டேட் என்றால் ஆண் ஹார்மோனை அடக்கினால் நோயும் அடங்கும். சார்ல்ஸ் ஹக்கின்ஸ் என்கிற அமெரிக்க டாக்டர் 1941-லேயே இதைக் காட்டினார், 1966-ல் நோபல் பரிசும் வாங்கினார்.

ஸ்லைடுக்கு வழக்கமாகப் போடுகிற சாயம் ஊதாவும் இளஞ்சிவப்பும். அந்த ஊதா மெக்சிகோ பக்கத்து மரம் ஒன்றின் கட்டையிலிருந்து வருகிறது. அதில் செல்லின் உருவம் தெரியும், ஊர் தெரியாது. ஆனால் வாடகை வீடு மாறினாலும் ரேஷன் கார்டில் பழைய விலாசம் இருக்குமில்லையா? அதுபோல, முதுகெலும்புக்குப் போன புரோஸ்டேட் செல்லும் பெரும்பாலும் தன் பழைய புரதங்களைச் செய்துகொண்டேதான் இருக்கும். ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதுவும் அப்படி ஒன்று. அதை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்ளும் ஆண்டிபாடி என்கிற வேறொரு புரதத்தை ஊற்றுகிறோம். பிடித்த இடத்தில் பழுப்பு நிறம் வரும். அவ்வளவுதான் விஷயம்.

அந்தப் பழுப்பைக் கொண்டுவருகிற என்சைமை ஹார்ஸ்ராடிஷ் என்கிற காரமான கிழங்கிலிருந்து எடுக்கிறார்கள். நம் முருங்கை வேரிலும் அதே நெடி இருப்பதால் வெள்ளைக்காரர்கள் முருங்கைக்கே ஹார்ஸ்ராடிஷ் மரம் என்று பேர் வைத்துவிட்டார்கள். லேபுக்குப் புதிதாக வருகிற பையன்கள் என்சைம் முருங்கையிலிருந்து வருகிறது என்றே நினைத்துக்கொள்வார்கள். இல்லை, அது வேறு செடி.

இப்போது குக்கருக்கு வருகிறேன். ஆமாம், சமையலறைக் குக்கர்தான். சதை கெடாமல் இருக்க ஃபார்மலினில் போடுகிறோம். அது புரதங்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிடும், ஆண்டிபாடிக்குப் பிடி கிடைக்காது. நன்றாகச் சூடாக்கினால் முடிச்சு நெகிழும் என்று 1991-ல் ஷி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் மைக்ரோவேவ் அடுப்பை வைத்துக் காட்டினார்கள். எங்கள் லேபில் அந்த வேலைக்குக் குக்கர். சிட்ரேட் கரைசல் கொதித்ததும் ஸ்லைடு ஸ்டாண்டை இறக்கி மூடி, இரண்டு மூன்று நிமிஷம் முழு பிரஷரில் வைத்து, குழாயடியில் ஆறவிட வேண்டும். வீட்டில் என் மனைவி, "இங்கே ஒரு விசில் வைக்கச் சொன்னால் மறந்துபோகிறது, அங்கே மட்டும் கணக்கா?" என்பாள்.

ஒரு நாள் கணக்குத் தப்பியது. இந்த வேலைக்கு, சதை இறுக ஒட்டுவதற்கென்று பசை பூசிய தனி ஸ்லைடு உண்டு. நான் அவசரத்தில் முட்டை வெள்ளைக்கரு தடவிய சாதாரண ஸ்லைடை எடுத்துவிட்டேன். நான் சொன்ன மாதிரியே ஒரு பெரியவருடைய எலும்புத் துணுக்கு அது. மூடியைத் திறந்தால் ரசத்தில் கொத்தமல்லி மாதிரி சதை மிதக்கிறது. ஸ்லைடெல்லாம் காலி. நாலு மைக்ரான் கனம், முடியைவிடப் பல மடங்கு மெல்லிசு. கரண்டி போட்டு அள்ள முடியுமா?

சதையை மெழுகில் பதித்துத்தான் மெல்லிசாகச் சீவுவோம். அந்த மெழுகு பிளாக்கில் மீதி கொஞ்சம்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டியதில் உருப்படியாக இரண்டு சீவல் தேறியது. ஒன்றுக்கு பி.எஸ்.ஏ. போட்டோம், பழுப்பு வரவே இல்லை. நிறம் வரும் என்று முன்பே தெரிந்த சதையை ஒட்டிக் கூடவே வைத்த கண்ட்ரோல் ஸ்லைடில் பளிச்சென்று வந்திருந்தது, ஆக சாயத்தில் குறை இல்லை. முரட்டுப் புற்றுநோயில் பி.எஸ்.ஏ. மங்கிப்போவது உண்டு. இன்னொன்றுக்கு டாக்டர் என்.கே.எக்ஸ். மூன்று புள்ளி ஒன்று போடச் சொன்னார். புரோஸ்டேட் செல்லின் உட்கருவில் இருக்கிற இன்னொரு புரதம் அது. பேர்தான் பஸ் நம்பர் மாதிரி, வேலையில் கெட்டி. செல்லின் நடுவே உட்கரு மட்டும் பொட்டு வைத்த மாதிரி பழுப்பாகியிருந்தது. டாக்டர் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். அது புரோஸ்டேட்.

அதனால்தான் ஒரு சாயத்தை மட்டும் நம்பக் கூடாது என்கிறேன். உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டியிலும் மார்பகக் கட்டியிலும்கூட பி.எஸ்.ஏ. சில சமயம் நிறம் காட்டும். நுரையீரலுக்கு ஒன்று, குடலுக்கு ஒன்று என்று வேறு சாயங்களும் இருக்கின்றன. எதைப் போடுவது என்பது நீங்கள் கொடுக்கிற விவரத்தைப் பொறுத்தது. கேட்ட கேள்விக்குத்தான் சாயம் பதில் சொல்லும். பழைய ஆபரேஷன், ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு எல்லாவற்றையும் பயாப்சி ஃபாரத்தில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். 'முதுகு வலி' என்று மட்டும் எழுதி வந்த ஃபாரம் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். எலும்பின் சுண்ணாம்பைக் கரைக்க ஊற்றுகிற ஆசிட் எப்படிச் சாயத்தைக் கெடுக்கும் என்று சொல்ல நினைத்திருந்தேன், நேரம் இல்லை. வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் ரிப்போர்ட்டோடு அந்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். போகிற வழியில், நம் சென்னை வெயிலில், பூட்டின காருக்குள் மட்டும் அதை விட்டுவிட்டு இறங்காதீர்கள். வணக்கம்.